பொழி முறிந்த மத்தியானம்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு எங்கள் ஊர் ஒரு தேநீர்க் கடை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பாறசாலை வந்ததும் டிரைவர், "கேரளம் முடியப் போகுது" என்பார். பின்சீட்டில் இருப்பவர்கள் தலையைத் தூக்கி வெளியே பார்ப்பார்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே தென்னை, ஒரே கடை, ஒரே மழை என்று கண்டு ஏமாந்து மறுபடியும் தூங்கிவிடுவார்கள். எனக்கு இதில் தீராத ஆத்திரம் உண்டு. நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால் அரை மணியில் கடல். கிழக்கே திரும்பினால் ஒரு மணியில் யானை நடமாடும் காடு. இரண்டையும் சேர்த்துக் கட்டியபடி நெய்யாறு. இத்தனை இருக்கும்போது தூங்குகிறவனை என்னதான் செய்வது?

ஆனால் நியாயமாகச் சொன்னால் நாங்களும் யோக்கியர்கள் இல்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கோவளத்துக்குக் கூட்டிப் போவோம், பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போவோம். ஆறு கடலில் சேரும் பூவாறு பொழியையோ அம்பூரி மலையையோ காட்டத் தோன்றாது. முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்று மலையாளத்தில் சொல்வார்கள். எங்களைப் பார்த்த பிறகுதான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் பாறசாலையில் மருந்துக்கடை வைத்திருப்பவன். ஒரு நாள் கடையை மூடினால் அன்றைக்குத்தான் ஊரில் எல்லோருக்கும் காய்ச்சல் வரும் என்று நம்புகிறவன். அதனால் மலையையும் கடலையும் பற்றி கல்லாவில் உட்கார்ந்து வாய்கிழியப் பேசியிருக்கிறேனே தவிர, ஒரே நாளில் இரண்டையும் பார்த்தது மைனிக்காகப் போன அந்த ஒரு தடவைதான்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்போம். நாகர்கோவிலுக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தவள். அண்ணன் பெரும்பகுதி வாழ்க்கையை வளைகுடாவில் கழித்தார். லீவில் வருகிற ஒவ்வொரு தடவையும், "இந்த முறை உன்னைப் பொழிக்குக் கூட்டிப் போறேன்" என்பார். வந்த பிறகு ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு வீட்டு மராமத்து என்று நாள் போய்விடும். ஒரேயடியாகத் திரும்பி வந்து ஒரு வருடம் ஆவதற்குள் நெஞ்சுவலியில் இறந்துபோனார். ஒரே மகள் நியூசிலாந்தில் இருக்கிறாள். அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள எல்லா ஏற்பாடும் செய்துவிட்டாள். நாங்கள் பொழிக்குப் போனதற்கு அடுத்த வாரம் விமானம். போனால் போனதுதான் என்று மைனிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

போவதற்கு முன் மைனிக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஆடி மாதத்து அமாவாசையில் இறந்தவர்களுக்குப் பலி இடுவது இங்கே பெரிய சடங்கு. கேரளத்துப் பக்கம் அதைப் பெண்களும் செய்வார்கள். ஈரத் துணியோடு கடற்கரையில் வரிசையாக உட்கார்ந்து, எள்ளும் தண்ணீரும் விட்டு, வாழையிலையில் சோற்று உருண்டை வைத்து, அப்படியே தண்ணீரில் சேர்ப்பார்கள். மைனி பிறந்த ஊரில் பெண்கள் அதைத் தொடக்கூடாது. முந்தின வருடம் தம்பி என்ற முறையில் வேறொரு கடற்கரையில் நான் இட்டேன். கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் மைனி நின்று பார்த்தாள். பக்கத்தில் அவள் வயதுப் பெண்கள் தங்கள் கையாலேயே இட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்.

"வாற வருசம் நான் இடுதேன் தம்பி. அவிய சொன்ன எடத்துல வச்சு இடணும். ஆறு கடல்ல சேருத எடத்துல."

சொன்னபடியே அந்த வருடமும் வந்தது. வந்ததில்தான் கோளாறு. எங்கள் வீட்டு அடுக்களையில் இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்று மலையாளக் காலண்டர். இன்னொன்று நாகர்கோவில் கடையில் கொடுக்கிற தமிழ் நாள்காட்டி. எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இது பெருமை. இரண்டு ஊர்த் திருவிழாவும் நமக்கு உண்டு என்கிற பெருமை. எப்போதும் இரண்டும் ஒன்றாகத்தான் அமாவாசையைக் காட்டும். அந்த வருடம் ஒரே மாதத்தில் இரண்டு அமாவாசை. மாதப் பிறப்பன்று ஒன்று, மாதக் கடைசியில் ஒன்று. மலையாளத்தார் முதலாவதை வாவு என்று எடுத்துக்கொண்டார்கள். கடற்கரையெல்லாம் பந்தல் போட்டு, விடுமுறை விட்டு, பலியிட்டு முடித்தார்கள். அன்றைக்கு மைனி விசா வேலையாகச் சென்னையில் இருந்தாள். தமிழ் நாள்காட்டி இரண்டாவதுதான் ஆடி அமாவாசை என்றது. அப்படியானால் நாம் இரண்டாவதில் இடலாம், பொழிக் கரையில் பலியிட்டுத் தர யாராவது சாந்திக்காரர், நம் பூசாரிதான், இல்லாமலா போவார் என்று நாங்கள் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தோம். நான், மைனி, என் மனைவி. வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி ஒரு முடிவு எடுத்திருக்க மாட்டான். ஒரு காலண்டர் உள்ளவனுக்கு ஒரு நாள்தான். இரண்டு உள்ளவனுக்கு இரண்டு நாளும் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

என் வண்டி ஒர்க் ஷாப்பில் கிடந்ததால் பக்கத்து வீட்டுக் காரை இரவல் வாங்கினேன். அவர்கள் பழைய மிஷன் சபைக் கிறிஸ்தவக் குடும்பம். பின்கண்ணாடி முழுக்க வேத வசனம். அதற்குள் எள், தர்ப்பை, வாழையிலை, பலிச்சோறு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினோம். மைனி முந்தின நாள் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டிருந்தாள். பலி இட்ட பிறகுதான் இனி பச்சைத் தண்ணீர்.

பொழியூர் வழியாகப் போய் வண்டியை நிறுத்திவிட்டு மணலில் நடந்தோம். தென்னைகளுக்கு அப்பால் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. மணல் மேட்டின் உச்சியில் ஏறியதும் மூவரும் நின்றுவிட்டோம். இடது கைப்பக்கம் கடல் கரையை அறைந்துகொண்டிருந்தது. மழைக்காலக் கடல்; ஒவ்வொரு அலையும் விழும்போது காலுக்கடியில் மணல் அதிர்ந்தது. வலது கைப்பக்கம் நெய்யாறு, அசைவே இல்லாமல், செம்மண் நிறமாக, கரையோரத் தென்னைகளின் தலைகளைத் தனக்குள் காட்டியபடி கிடந்தது. இரண்டுக்கும் நடுவே நாங்கள் நின்ற மணல் திட்டு மட்டும். இந்தக் கையை நீட்டினால் கடலின் தூவானம், அந்தக் கையை நீட்டினால் ஆற்றின் அமைதி. நான் இங்கே சின்ன வயதில் வந்திருக்கிறேன். இருந்தும் உடம்பு சிலிர்த்தது. இப்படி ஓர் இடம் எங்கள் வீட்டிலிருந்து இத்தனை பக்கத்தில் இருக்கிறது, நான் கடையில் உட்கார்ந்து இருமல் மருந்து விற்றுக்கொண்டிருக்கிறேன் என்று என்மேலேயே எனக்குச் சிரிப்பு வந்தது.

மைனிதான் முதலில் கேட்டாள்.

"தம்பி, ஆறு எங்க கடல்ல சேருது?"

சேரவில்லை. ஆற்று வாயைக் கடல் மணல் தள்ளி அடைத்து வைத்திருந்தது. அப்படி அடைகிற முகத்துவாரத்தைத்தான் பொழி என்கிறோம். மழை கூடி ஆறு நிறைந்தால், மணலை வெட்டித் திறந்துவிடுவார்கள். அதற்குப் பொழி முறிப்பது என்று பேர். அது மட்டுமல்ல. கரையில் பந்தல் இல்லை, மைக் இல்லை, சாந்திக்காரர் இல்லை. மூங்கில் நட்ட குழிகள் மட்டும் மணலில் தூர்ந்துகொண்டிருந்தன. வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய்க் கேட்டேன்.

"வாவு கழிஞ்சுபோச்சே அண்ணா. மாசம் ஒண்ணாச்சல்லே. பந்தலெல்லாம் அழிச்சுக் கொண்டுபோயாச்சு."

"இன்னைக்கும் அமாவாசையாக்கும்" என்றேன்.

"அது உங்க தமிழ்நாட்டு வாவா இருக்கும்" என்றார் இரக்கத்தோடு.

"எனக்க ரேஷன் கார்டு பாறசாலையிலாக்கும் ஓய்!" என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ரேஷன் கார்டைக் காட்டினா சாந்திக்காரர் வருவாரா? பேசாம இரியுங்க."

வலைக்காரர் நல்ல மனிதர். என் கோபத்தைப் பொருட்படுத்தவில்லை. மலையில் இரண்டு நாளாக மழை, அணையில் ஷட்டர் திறந்துவிட்டார்கள், ஆறு ஏறி அவர்கள் வீட்டு முற்றம் வரை வெள்ளம் வந்தாயிற்று, அதனால் இன்று மத்தியானம் பொழி முறிக்கப் போகிறோம் என்றார். பஞ்சாயத்திலிருந்து மண் தோண்டும் யந்திரம் வர வேண்டும். எத்தனை மணிக்கு என்று கேட்டதற்கு, "வந்தா வந்ததுதான்" என்றார். நாள்காட்டியில் அமாவாசை மூன்று மணியோடு முடிகிறது என்று போட்டிருந்தது. அதற்குள் பொழி திறந்தால் உண்டு. இல்லாவிட்டால் மைனி விரும்பிய பலி இனி இல்லை.

இங்கேயே உட்கார்ந்து காத்திருக்கலாம் என்றேன். மைனி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டு வருவோமா தம்பி? சும்மா இருந்தா எனக்கு அழுகையா வரும்."

சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு மைனி பின்சீட்டில் ஏறினாள். பாறசாலைக்குத் திரும்பி வந்து, காரக்கோணம், வெள்ளறடை தாண்டி ஏற ஆரம்பித்தோம். வெள்ளறடைக்கு மேல் காற்று மாறிவிடும். இரண்டு பக்கமும் ரப்பர், மழைக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரங்கள். அம்பூரிக்கு அப்பால் ரப்பரும் மெலிந்து, பாறையும் காடுமாக ஆகிறது. ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி, கொஞ்ச தூரம் பாறை மேல் நடக்க வேண்டும் என்றேன்.

"அக்கா பச்சைத் தண்ணி குடிக்காம இருக்கியா. இவரு மலையேத்தப் பாக்குதாரு" என்று என் மனைவி சண்டைக்கு வந்தாள். அதற்குள் மைனி செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் நடந்துவிட்டாள்.

மேலே போனதும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக மஞ்சு மூட்டம் மட்டும். எங்கேயோ ஒரு குருவி மனிதர்கள் சீட்டி அடிப்பதுபோலவே நீளமாக அடித்துக்கொண்டிருந்தது. ஈர இலை வாசனை. அட்டை ஏறாமல் காலை உதறிக்கொண்டே நின்றோம். சரி, நம் அதிர்ஷ்டம் இவ்வளவுதான் என்று நான் திரும்பப் போனபோது காற்று வந்தது. மஞ்சு கீழிருந்து மேலாக விலகியது. முதலில் காலடியில் காடு. பிறகு காட்டுக்குள் விரல் விரலாகப் புகுந்து கிடந்த அணைத் தண்ணீர். அதில் தீவுகளாக நின்ற குன்றுகள். அதற்கும் பின்னால், இவ்வளவு உயரத்தில் வானம்தான் இருக்கும் என்று நான் நினைத்த இடத்தில், அகத்திய மலையின் முடி. கறுத்த பாறை, இடுப்பில் மேகம். அட்டையை எல்லோரும் மறந்துவிட்டோம். என் மனைவிகூட. அந்த முடியில் பெய்கிற மழைதான் இறங்கி, இந்தக் காட்டுக்குள் ஊறி, நாங்கள் காலையில் பார்த்த அந்த அசையாத தண்ணீராக ஆகிறது என்பது புத்தகத்தில் படித்த விஷயம்தான். நேரில் பார்த்தபோது நம்பவே முடியவில்லை. நான் இந்த மலைக்குக் கீழே பிறந்து வளர்ந்து தலை நரைத்தவன். எனக்கு இதைக் காட்டாமலேயே இது இங்கே நின்றுகொண்டிருந்திருக்கிறது.

மைனி கை கூப்பியிருந்தாள். கண்ணில் நீர் இருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"இம்புட்டும் இங்க இருந்துச்சா? துணி காயப்போட மாடிக்குப் போனா தெரியுத மலை இதுதானா?"

"இதேதான் மைனி."

"அவியளும் இதப் பாத்திருக்க மாட்டாவ, இல்லியா?"

அண்ணன் கடலைத்தான் அறிந்தவர். மலைக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. இல்லை என்றேன். அப்போ நான் முந்திட்டேன் என்றாள் மைனி. அவள் அப்படி விளையாட்டாகப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. மஞ்சு மறுபடியும் மூடியது. இருந்தும் உடனே இறங்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அணைக்கட்டில் இறங்கியபோது ஷட்டர்களின் அடியிலிருந்து தண்ணீர் வெள்ளையாகப் பீறிட்டுக்கொண்டிருந்தது. பாலத்துக் கைப்பிடியில் கை வைத்தால் இரும்பு நடுங்கியது. கத்திப் பேசினால்தான் கேட்கும். தூவானம் முகத்தில் அடிக்க, மைனி முந்தானையால் சோற்றுப் பாத்திரத்தை மூடிக்கொண்டாள். நாங்கள் அங்கே நின்றதெல்லாம் கொஞ்ச நேரம். அங்கிருந்து ஆற்றின் போக்கிலேயே சாலை இறங்குகிறது. ஒரு பாலம் தாண்டினால் ஆறு நமக்கு வலப்பக்கம், அடுத்த பாலம் தாண்டினால் இடப்பக்கம். காட்டில் வெள்ளையாக இருந்தது வரவரச் செம்மண் நிறமாகி, அகன்று, அடக்கமாக ஓடியது. கரையோரம் மரவள்ளியும் வாழையும் பாதி முங்கி நின்றன.

நெய்யாற்றின்கரைக்கு மேலே ஆற்றோரக் கோயில் ஒன்றில் என் மனைவி வண்டியை நிறுத்தச் சொன்னாள். உள்ளே சாந்திக்காரர் இருந்தார். விஷயத்தைக் கேட்டு, அதற்கென்ன, இங்கேயே இடலாம், ஆற்றில் விட்டாலும் கடலுக்குத்தானே போகும் என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பட்டினி கிடக்கிறவள், மணி ஒன்று தாண்டியாயிற்று, இருக்கிறதை விட்டுவிட்டுப் பறக்கிறதுக்கு ஏன் ஆசைப்பட வேண்டும்?

மைனி படித்துறையில் நின்று தண்ணீரைப் பார்த்தாள்.

"கடலுக்கு வழி அடைச்சுல்லா கெடக்கு சாமி. இங்க விட்டா அங்க வந்து முட்டிக்கிட்டு நிக்கும்."

சாந்திக்காரர் என்னைப் பார்த்தார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

இரண்டு மணிக்குப் பொழிக்குத் திரும்பி வந்தபோது, காலையில் வெறிச்சென்று கிடந்த மணல் திட்டில் ஒரு ஊரே நின்றது. ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள். யந்திரம் வந்து பாதி வேலையை முடித்திருந்தது. ஆற்றுப் பக்கத்திலிருந்து கடல் பக்கமாக ஆழமான வாய்க்கால் ஒன்று மணலில் வெட்டப்பட்டிருந்தது. ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு சின்ன மணல் வரப்பு மட்டும் பாக்கி. அதை மண்வெட்டியால்தான் வெட்ட வேண்டுமாம். நாலைந்து பேர் வரப்பின் மேல் தயாராக நின்றார்கள். விசில் வைத்திருந்த தடித்த மனிதர் ஒருவர் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். முன்பு ஒருமுறை மணல் இடிந்து ஆளையே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

மைனி வாழையிலையை விரித்துச் சோற்றை உருட்டி வைத்து, எள்ளைத் தூவி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். கிட்டே விட மாட்டார்கள் போலிருந்தது. என் மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே விசில்காரரிடம் போனாள். மலையாளத்தில் அவள் என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கை வானத்துக்கும் கடலுக்கும் மைனிக்கும் போய்ப் போய் வந்ததை மட்டும் பார்த்தேன். அவர் கழுத்தில் சிலுவை தொங்கியது. அவர் இலையைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"அம்மா, வெள்ளம் சாடுகதுக்கு முந்தி வச்சிரணும். இந்நா, இங்க. ஆத்துப் பக்கம் வையுங்க. நான் விசில் அடிச்சா பின்னே ஒரு நொடி நிக்கப்பிடாது, கேட்டியளா?"

ஆற்றோரமாக, வரப்புக்குப் பக்கத்தில், மைனி முழங்கால் தண்ணீரில் குனிந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்குச் சாந்திக்காரர் சொல்வது பாதி நினைவிருந்தது. தர்ப்பையை விரலில் மாட்டச் சொன்னேன், எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னேன். விட்டாள்.

"இனி பேரும் நாளும் சொல்லணும் மைனி. அவருக்க பேரு, நட்சத்திரம். சொல்லிட்டு இலையை விடணும்."

மைனியின் கை நின்றுவிட்டது. அவள் பிறந்த ஊரில் புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் இல்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள் யாரும் சொன்னதில்லை. மைனி அதை முப்பது வருடத்துக்கு மேல் காப்பாற்றியவள். ஆஸ்பத்திரியில் கேட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். விசா ஆபீஸில் கேட்டபோது பேனாவை வாங்கி எழுதிக் காட்டினாளாம். இப்போது அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றாள்.

"நான் சொல்லுதேன் மைனி. நான் சொன்னா போதும்."

"வேண்டாம் தம்பி. நானே..."

விசில் ஊதியது. தடித்த மனிதர் கையை ஆட்டிக் கத்தினார். மைனி இலையைத் தண்ணீரில் விட்டாள். நாங்கள் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து மணல் மேட்டில் ஏற்றினோம். பேர் சொல்லவில்லை. நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது கணக்கில் வருமா என்று தெரியவில்லை.

மண்வெட்டிகள் வரப்பில் விழுந்தன. முதலில் ஒரு சின்ன நீர்க்கோடு, ஒரு குழாயைத் திறந்தால் வருகிற அளவு. குழந்தைகள் கை தட்டினார்கள். இவ்வளவுதானா என்று இருந்தது. அதற்குள் கோடு முழங்கையளவானது. மணல் சரிந்தது. வெட்டியவர்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. வாய்க்காலின் இரண்டு கரையும் பெரும் பெரும் துண்டாக இடிந்து விழுந்துகொண்டே போக, அது அகலமாகிக்கொண்டே போக, காலை முழுக்க அசையாமல் கிடந்த ஆறு மொத்தமும் எழுந்து நடந்தது. காட்டில் பார்த்த அத்தனை தண்ணீரும், மலைமுடியின் மழையும், அணையில் இரும்பை நடுக்கிய வேகமும் எல்லாம் எங்கள் கண் முன்னால் ஒரே வாயிலில் புகுந்தன. கடல் எதிர்த்து அலையை எறிந்தது. ஆறு அதை ஏறி மிதித்துக்கொண்டு உள்ளே போனது. செம்மண் நிறம் பச்சைக்குள் கிழித்துக்கொண்டு வெகுதூரம் நீண்டது. சத்தத்தில் காது அடைத்தது. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் ஒரு கிழவர் சிலுவைக் குறி இட்டார். என் மனைவி என் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

இலை வரப்பருகில் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டது. வாய்க்காலுக்குள் நேராகப் போயிற்று. சோறு அதில் வெள்ளையாகத் தெரிந்தது.

அப்போது மைனி கூப்பிட்டாள். மந்திரம்போல் அல்ல. முன்னால் வேகமாக நடந்து போகிற ஒருவரைச் சந்தையில் பின்னாலிருந்து கூப்பிடுவதுபோல, அண்ணனை, பேர் சொல்லி. முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாம் தடவை முழுசாக வந்தது. அப்புறம் அவள் நிறுத்தவில்லை. இலை கடலுக்குள் போகும்வரை மணல் விளிம்பில் நின்று, தண்ணீர் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி, திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். நட்சத்திரத்தையும் சொன்னாள். பிறகு மறுபடியும் பேரைச் சொன்னாள். விசில்காரர் அவளைத் தள்ளி நிற்கச் சொல்ல வந்தவர், பாதி வழியில் நின்றுவிட்டார்.

நான் அண்ணன் என்றே அழைத்து வளர்ந்தவன். மகளுக்கு அவர் அப்பா. ஊருக்கு அவர் வளைகுடாக்காரர். அந்தப் பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட உரிமையுள்ளவர்கள் எங்கள் அப்பாவும் அம்மாவும்தான். அவர்கள் இருவரும் போய் எத்தனையோ காலமாகிறது. அம்மா இறந்த பிறகு, அண்ணனின் பேரை ஒருவர் வாய்விட்டு அழைத்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.